போர்ப் படத்துல காட்டற ஆபத்து நிஜமா? தி ஹர்ட் லாக்கர், கஜாக்கி, வார்ஃபேர், அமரன்... பேசலாம் வாங்க

மூணாவது_ரோ:
ரொம்ப நாளா கேக்கணும்னு இருந்த விஷயம். இப்போ நடக்கற சண்டைல ஒரு சிப்பாய்க்கு வர்ற ஆபத்த திரைல காட்டறது லேசுப்பட்ட வேலை இல்ல. பழைய போர்னா எதிரி எதிர்ல வருவான், ரெண்டு பக்கமும் ஓடி வருவாங்க, கேமராவ நட்டு வெச்சா போதும். ஈராக், ஆப்கானிஸ்தான்ல அப்படி இல்ல, ரோட்டோர குப்பை மூட்டை, நிறுத்தி வெச்ச கார், மாடில நின்னு வேடிக்கை பாக்கற ஒருத்தன் கைல இருக்கற செல்போன், இதுல எது வெடிக்கும்னு யாருக்கும் தெரியாது. இத சரியா புடிச்ச படம் என்னைப் பொறுத்தவரை தி ஹர்ட் லாக்கர் தான், ஈராக்ல குண்டு செயலிழக்க வைக்கற அமெரிக்க டீமோட கதை. முதல் சீன்லயே கை பியர்ஸ், அவ்ளோ பெரிய நடிகர், போயிடுவாரு. கறிக்கடைக்காரன் கைல போன், இவர் பாம் சூட்டோட திரும்பி ஓடறாரு, வெடிக்குது, தரைல கிடக்கற ஜல்லியும் மண்ணும் அப்படியே மேல எழும்பும் பாருங்க ஸ்லோ மோஷன்ல. அவ்ளோ தடி சூட் போட்டும் ஆள் காலி. அத எழுதின மார்க் போல்ங்கறவர் ஒரு பத்திரிகைக்காரர், 2004ல பாக்தாத்ல வெடிகுண்டு செயலிழக்க வைக்கற டீமோட கூடவே சுத்தினவர், அதனால தான் அந்த நம்பகத்தன்மை. 2010ல அவதார் படத்த ஓரங்கட்டிட்டு 6 ஆஸ்கார் வாங்குச்சு, சிறந்த இயக்குநர் விருது ஒரு பொண்ணுக்கு கிடைச்சது அது தான் முதல் தடவை.

ஆனா அமெரிக்க முன்னாள் ராணுவக்காரங்க நிறைய பேர் இந்த படத்த கழுவி ஊத்தறாங்க. ஏன்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மெட்ராஸ்_சாப்பர்:
தம்பி, நான் மெட்ராஸ் இன்ஜினியர் குரூப்ல இருந்து ரிடையர் ஆனவன், பெங்களூர் சென்டர், கண்ணிவெடி எல்லாம் பாக்கற இந்திய ராணுவ இன்ஜினியர் படை. நாலு மாசம் முன்னாடி பையன் போட்டுக் காட்டினான் இந்தப் படத்த. ஹீரோ ஜேம்ஸ் என்ன பண்றான்? ரோபோவ அனுப்ப மாட்டான், தானே நடந்து போவான். கூட இருக்கறவங்க கண்ணுக்கு தான் எங்க இருக்கோம்னு தெரியக் கூடாதுன்னு புகை குண்டு போடறான். ரேடியோ ஹெட்செட்ட கழட்டி வீசறான். ராத்திரில தனியா கேம்ப விட்டு வெளிய போறான். அப்படி ஒருத்தன் எங்க கம்பெனில இருந்தா அடுத்த நாள் காலைல சிஓ சாப் முன்னாடி நிப்பான், அதுக்கப்புறம் குண்டு பக்கமே விட மாட்டாங்க, ஸ்டோர்ல மண்வெட்டி எண்ண வேண்டியது தான். தைரியம் இல்லாததால இல்ல. அவன் ஒருத்தன் தப்பு பண்ணா செத்துப் போறது அவன் மட்டும் இல்ல.

அந்த ஒரு வயர இழுத்தா சுத்தி ஷெல்லுங்க மண்ணுக்குள்ள இருந்து எழும்பி வருமே, பாக்க பிரமாதம், போஸ்டர்லயும் போட்டாங்க. ஒருத்தனும் கையால வயர புடிச்சு இழுக்க மாட்டான்யா. கொக்கியும் கயிறும் போட்டு தூரத்துல படுத்துட்டு இழுப்பாங்க. டீமோட டிரஸ் கூட தப்பு, கதை நடக்கறது 2004, போட்டிருக்கற யூனிஃபார்ம் 2005ல தான் அமெரிக்காக்காரன் குடுக்க ஆரம்பிச்சான்.

நிஜ ஆபத்து எப்படி இருக்கும்னு சொல்றேன். காஷ்மீர்ல ஆர்.ஓ.பி.ன்னு ஒண்ணு, ரோடு ஓபனிங் பார்ட்டி. கான்வாய் வர்றதுக்கு முன்னாடி விடிகாலைலயே ரோட்டுக்கு ரெண்டு பக்கமும் வரிசையா நடக்கணும், டிடெக்டர் ஒருத்தன் கைல, நாய் ஒண்ணு, கல்வர்ட் (ரோட்டுக்கு அடில தண்ணி போற சின்ன பாலம்) வந்தா குனிஞ்சு அடில பாக்கணும், நேத்து இல்லாத கல் இன்னிக்கு இருந்தா நிக்கணும். அப்புறம் ரோட்ட கிளியர் பண்ணிட்டு கடைசி வண்டி போற வரைக்கும் அங்கயே நிக்கணும், பனியோ வெயிலோ. ஒண்ணும் நடக்காது. மறுநாளும் ஒண்ணும் நடக்காது. அதான் பிரச்சினையே, ஒண்ணும் நடக்காம நடக்காம கண்ணு மெத்தனமா ஆயிடும், கல்வர்ட்ட குனிஞ்சு பாக்கறதுக்கு பதில் எட்டிப் பாத்துட்டு போயிடுவான். இத எவனும் படம் எடுக்கல, எடுத்தா நீங்க பாக்க மாட்டீங்க.

மூணாவது_ரோ:
ஐயா வணக்கம். நீங்க சொன்னது எல்லாம் சரி, ஆனா அந்த ஆளு ஒழுங்கா வேலை பாக்கறான்னு படம் சொல்லவே இல்லையே. போருக்கு அடிமையான ஒருத்தன், ஊருக்குப் போனா சூப்பர் மார்க்கெட்ல எந்த டப்பா எடுக்கறதுன்னு தெரியாம முழிக்கறான், அப்புறம் திரும்ப அங்கயே போயிடறான். கூட இருக்கற சான்போர்னே அவன கொன்னுடலாமான்னு யோசிக்கறானே, அந்த பாலைவனத்துல வெடி வெக்கற சீன்ல. அப்போ படத்துக்கு தெரிஞ்சு தானே இருக்கு இவன் ஆபத்தான ஆளுன்னு?

மெட்ராஸ்_சாப்பர்:
தெரியும்னு நீங்க சொல்றீங்க. தியேட்டர்ல கைதட்டினவனுக்கு தெரியுமா?

கட்_பண்ணு:
உள்ள வரலாமா, நான் எடிட்டிங் அசிஸ்டென்ட். ரெண்டு பேருமே சரி, சண்டை போடாதீங்க 😄

சினிமாவுக்கு ஒரு தொழில் பிரச்சினை இருக்கு. ஆபத்துன்னா அது திரைல எங்கயாவது தெரியணும், ஒரு முகமா, ஒரு பொருளா. மண்ணுக்குள்ள இருக்கற குண்டுக்கு முகம் கிடையாது. அதனால எழுதறவங்க எல்லாருமே ஒரு வில்லன கொண்டு வந்து நிறுத்திடறாங்க. அமெரிக்கன் ஸ்னைப்பர் எடுத்துக்கோங்க, அமெரிக்க ஸ்னைப்பர் கிரிஸ் கைல் நிஜத்துல 2008ல பாக்தாத் சதர் சிட்டி பக்கம் ரொம்ப தூரத்துல இருந்து சுட்டது ராக்கெட் லாஞ்சர் வெச்சிருந்த ஒருத்தன. படத்துல அத அப்படியே எடுத்து முஸ்தபான்னு ஒரு எதிரி ஸ்னைப்பர் கூட கடைசி மோதலா மாத்திட்டாங்க. ஊர் ஊரா நடந்த ஒரு போர், ரெண்டு பேருக்கு நடுவுல நடக்கற ஒத்தைக்கு ஒத்தை ஆயிடுச்சு. எம்ஜிஆர் நம்பியார் கணக்கு தான், துப்பாக்கி மட்டும் புதுசு.

ஆனா ஹர்ட் லாக்கர்ல அந்த பாலைவன ஸ்னைப்பர் சீன நான் விட்டுக் குடுக்க மாட்டேன். குண்டு செயலிழக்க வைக்கறவன் எதுக்கு பேரட்ங்கற பெரிய ஸ்னைப்பர் துப்பாக்கி எடுத்து சுடறான்னு ராணுவக்காரங்க கேப்பாங்க, கேக்கட்டும். அந்த சீனோட உயிர் சுடறதுல இல்ல. டீம்ல இருக்கற சின்ன பையன் எல்ட்ரிட்ஜ் தோட்டாவ எடுக்கறான், அதுல செத்தவனோட ரத்தம் ஒட்டியிருக்கு, அதனால துப்பாக்கி ஜாம் ஆகுது, எச்சி துப்பி துடைடான்னு ஜேம்ஸ் சொல்றான், பையனுக்கு வாய்ல எச்சியே இல்ல. அப்புறம் ஜேம்ஸ் ஜூஸ் பாக்கெட்ட தான் குடிக்காம சான்போர்ன் வாய்ல வெக்கறான். சான்போர்ன் முகத்துல ஈ உக்காருது, தட்டல. சுட்டு முடிச்ச பிறகும் நகர மாட்டாங்க, பொழுது சாயற வரைக்கும் அப்படியே படுத்திருப்பாங்க. சாதாரணமா எடிட் டேபிள்ல முதல்ல வெட்டற இடம் இது, காத்திருக்கற நேரம். அத வெட்டாம வெச்சதுக்கு தான் எடிட்டிங் ஆஸ்கார்னு நான் சொல்லுவேன்.

தூக்கம்_வராதவன்:
யாரும் கஜாக்கி பத்தி பேசல!! 2014ல வந்த பிரிட்டிஷ் படம், வெளிநாட்டுல கிலோ டூ பிராவோன்னு பேர் மாத்தி விட்டாங்க, பால் கேட்டிஸ் டைரக்‌ஷன். சாப்பர் ஐயா நீங்க கேட்ட படம் இது தான்.

நிஜமா நடந்தது. 2006 செப்டம்பர் 6, ஆப்கானிஸ்தான் ஹெல்மண்ட்ல கஜாக்கி அணை, மேல குன்றுல பிரிட்டிஷ் பாராசூட் படை 3 பாரா ஆளுங்க காவல். கீழ ரோட்டுல தாலிபான் வண்டிங்கள நிறுத்தறான்னு ஒரு ஸ்னைப்பர் சின்ன டீமோட இறங்கறான். காஞ்சு போன ஓடைல கால் வெக்கறான், வெடிக்குது, கால் போச்சு. சோவியத் காலத்துல போட்ட கண்ணிவெடி, எத்தனையோ வருஷமா அங்கயே கிடந்தது. தூக்க வந்தவங்கள்ல இன்னொருத்தன் மிதிக்கறான். அப்புறம் இன்னொண்ணு. மொத்த படத்துல எதிரின்னு ஒருத்தன் வந்து சுடவே மாட்டான், அவ்ளோ தான் கதை, ஒரு ஓடைல மாட்டிக்கிட்ட பசங்க, சுத்தி எங்க கால் வெச்சாலும் வெடிக்கலாம், அடிபட்டவன் ரெண்டு மீட்டர் தூரத்துல கத்தறான், போக முடியாது. டக் ஹார்ட்லின்னு மெடிக், தன்னோட முதுகுப் பைய எடுத்து முன்னாடி வீசுவாரு, வெடிக்கலயா, அது மேல குதிப்பாரு, திரும்ப எடுத்து வீசுவாரு, இப்படியே அடிபட்டவன் கிட்ட போவாரு. யாரோ திரைக்கதைல கற்பனை பண்ணதுன்னு நெனச்சேன், நிஜமாவே அப்படித்தான் பண்ணாரு, வீரத்துக்கான ஜார்ஜ் மெடல் குடுத்தாங்க.

ஹெலிகாப்டர் வரும். கயிறுல தூக்கற வின்ச் இல்லாத சினூக். அவங்களுக்கு வேண்டியது வின்ச். அத கிளப்பி அனுப்பறதுக்குள்ள அதோட காத்துலயே இன்னொரு வெடி வெடிச்சதா படத்துல வரும். கடைசில வின்ச் வெச்ச அமெரிக்க பிளாக் ஹாக் வந்து தான் தூக்கினாங்க, அதுக்குள்ள மணிக்கணக்கு ஆயிடுச்சு. மூணு பேருக்கு கால் போச்சு, கார்ப்பரல் மார்க் ரைட் வழியிலயே இறந்துட்டாரு, அவருக்கு ஜார்ஜ் கிராஸ் விருது. 2008ல பிரிட்டன்ல நடந்த மரண விசாரணைல வின்ச் ஹெலிகாப்டர் இல்லாதத கடுமையா கண்டிச்சாங்க.

இதுல பாருங்க, ஆபத்து எங்க இருந்து வந்துச்சு? தாலிபான் இல்ல. வேற ஒரு நாட்டுப் படை என்னைக்கோ விட்டுட்டுப் போன வெடி, தன்னோட சொந்த ராணுவம் குடுக்காத ஒரு கயிறு. இத எந்த ஹீரோவும் சுட்டுக் கொல்ல முடியாது.

மெட்ராஸ்_சாப்பர்:
பைய வீசி அது மேல குதிக்கறதா. எங்க கிட்ட யாராவது கேட்டா அப்படி பண்ணாதேன்னு தான் சொல்லித் தருவோம், கத்தியோ குச்சியோ வெச்சு சாய்வா குத்திக் குத்திப் பாத்துட்டு தான் போகணும். ஆனா அங்க ரத்தம் போயிட்டு இருக்கு, குத்திப் பாக்க நேரம் இல்ல. புரியுது. பாக்கறேன் படத்த.

வன்னிக்காரி:
நான் வழக்கமா வாசிச்சிட்டுப் போறனான், இண்டைக்கு எழுதுறன். மிதிவெடி எண்டு கதை வந்ததால.

இலங்கையில சண்டை 2009ல முடிஞ்சுது, மிதிவெடி முடியேல்ல. முகமாலைப் பக்கம் போனா இப்பவும் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகை. என்ர மச்சாள் ஒராள் மிதிவெடி அகற்றுற ஹலோ ட்ரஸ்ட்டில வேலை செய்தவ. முழங்காலில இருந்து ஒரு மீற்றர் அகல ஒழுங்கைக்குள்ள மெல்ல மெல்ல மண்ணை வறுகி எடுக்கிறது, முகத்துக்குக் கண்ணாடித் தட்டு, அந்த வெயிலுக்க. அங்க வேலை செய்யிற கனபேர் பொம்பிளையள், குடும்பத்தை ஒராளாக் கொண்டு நடத்திறவை. கஜாக்கி படத்தில அந்தப் பெடியள் ஒரு நாள் அதுக்குள்ள நிண்டவை, ஹெலி வந்து ஏத்திக்கொண்டு போட்டுது. அந்த ஓடையில ஆடு மேய்க்கிற ஆப்கான் பெடியனுக்கு எந்த ஹெலி வரும்? படம் நல்ல படம்தான், நானும் பாத்தனான், கண்ணை மூடிக்கொண்டு பாதி.

நீங்கள் எல்லாரும் சிப்பாய்க்கு வாற ஆபத்தைக் கதைக்கிறியள். அந்த வீட்டுச் சனத்தின்ர ஆபத்து ஒரு படத்திலயும் நடுவுக்க வராது. வார்ஃபேர் பாத்தனீங்களோ, அதுக்கு முதல் வந்த சண்டைப் படங்களை விட அது கொஞ்சம் நேர்மை. ஈராக்கில ரமாதியில 2006 நவம்பர், அமெரிக்கப் படை இரவில ஒரு குடும்பத்தின்ர வீட்டுக்குள்ள புகுந்து, அதுகளை ஒரு அறைக்குள்ள விட்டிட்டு, சுவரில ஓட்டை போட்டு ஸ்னைப்பர் வைக்கினம். முழுக்கச் சண்டை, ஒரே கத்தல். கடைசியா அவங்கள் போன பிறகு அந்தக் குடும்பம் வெளிய வந்து வீட்டைப் பாக்கும். ஏன் இப்பிடிச் செய்தனீங்கள் எண்டு அந்த மனிசி முதலே கேட்டது, ஒருத்தரும் பதில் சொல்லேல்ல. அந்த மனிசியின்ர படம் எங்க? அது தான் எனக்குப் பாக்க வேணும்.

கட்_பண்ணு:
அக்கா, ரொம்ப சரியான அடி. வார்ஃபேர் பத்தி நானே எழுதலாம்னு இருந்தேன். எடுத்தவர்ல ஒருத்தர் ரே மெண்டோசா, அந்த டீம்லயே இருந்த நேவி சீல் (அமெரிக்க கடற்படை கமாண்டோ), கூட அலெக்ஸ் கார்லேண்ட். அடிபட்ட எலியட் மில்லருக்கு அன்னிக்கு நடந்தது எதுவுமே ஞாபகம் இல்ல, அவருக்காக எடுத்தேன்னு மெண்டோசா சொல்லியிருக்காரு, கூட இருந்தவங்க ஞாபகத்துல இருக்கறது மட்டும் தான் ஸ்கிரிப்ட். பின்னணி இசை கிடையாது. நான் தொழில்ல இருக்கறதால சொல்றேன், இது பெரிய விஷயம். இசை இருந்தா எப்போ பயப்படணும்னு அது சொல்லிடும், வயலின் ஏறுதுன்னா ஏதோ வரப்போகுது. இசை இல்லன்னா உனக்கும் தெரியாது, உள்ள இருக்கறவனுக்கும் தெரியாது. அடிபட்டவன் கத்தறது நிக்கவே நிக்காது, சாதாரணமா ரெண்டு கத்தலுக்கு அப்புறம் நாங்க சவுண்ட குறைச்சிடுவோம், இங்க குறைக்கல.

அதுலயே இன்னொண்ணு, வெளிய போறப்போ முன்னாடி போகச் சொல்றது கூட இருக்கற ஈராக் ஆளுங்கள. அவங்க மாட்டேன்னு தயங்குவாங்க. படம் அத காட்டிட்டு ஒரு வார்த்தை பேசாம போயிடும். நேர்மையா மழுப்பலா, இன்னும் முடிவு பண்ண முடியல என்னால.

ஜோஷ்_குமார்:
எல்லாம் ஃபாரின் படம் தானா? அமரன் வந்து 2024 தீபாவளிக்கு தமிழ்நாடே அழுதுச்சு. மேஜர் முகுந்த் வரதராஜன் நம்ம தாம்பரம் பக்கத்து ஆளு, 44 ராஷ்ட்ரிய ரைஃபிள்ஸ், காஷ்மீர் ஷோபியான்ல 2014 ஏப்ரல் 25 வீரமரணம், அசோக சக்ரா. அத விட்டுட்டு எங்கயோ ஈராக்ல நடந்தத ஆராய்ச்சி பண்றீங்க. நம்ம ராணுவம்னா மட்டும் உங்களுக்கு கசக்குது.

கட்_பண்ணு:
கசக்கல பாஸ், நான் ரெண்டு தடவ பாத்தேன். ஆனா நீங்களே சொல்லுங்க, அதுல உங்கள உலுக்கினது சண்டைக் காட்சியா, முகுந்தோட மனைவி இந்துவா? சண்டை வர்றப்போ எல்லாம் ஜிவி இசை எகிறும், ஸ்லோ மோஷன், சிவகார்த்திகேயன் நடந்து வருவாரு, அது ஸ்டார் படத்துக்கு வேண்டியது தான், தப்பில்ல. ஆனா அந்த மனுஷன் கதை நியூஸ்லயே நமக்கு தெரியும், கடைசில இருக்க மாட்டார்னு டிக்கெட் வாங்கறப்பவே தெரியும். அதனால பயம் அவர் மேல இல்ல, அந்த பொண்ணு மேல போயிடுது. கதைய இந்து ரெபேக்கா சொல்ற மாதிரி வெச்சது தான் புத்திசாலித்தனம், சாய் பல்லவி அத தூக்கி நிறுத்தினாங்க. ஆபத்து காஷ்மீர்ல, அதோட பாரம் சென்னைல ஒரு வீட்டுல. அந்த ஒரு விஷயத்துல அமரன் ஹர்ட் லாக்கர விட மேல. அதுல வீட்டுக்காரிய அஞ்சு நிமிஷம் காட்டி முடிச்சிட்டாங்க.

மெட்ராஸ்_சாப்பர்:
அமரன் பாத்து நானும் அழுதேன், மறைக்க என்ன இருக்கு. அதே ஆபரேஷன்ல சிப்பாய் விக்ரம் சிங்னு ஒருத்தரும் போனாரு, அவர் பேரையும் சேத்து சொல்லுங்கப்பா. ஆபீசர் படத்துக்கு போஸ்டர் ஆவாரு, சிப்பாய் கூட்டத்துல ஒருத்தனா போயிடுவான், எந்த ஊர் படமா இருந்தாலும் இது தான்.

குமார் தம்பி, குறை சொன்னா ராணுவத்த கேவலப்படுத்தறதா ஆகாது. நாங்களே மெஸ்ல உக்காந்து படம் பாத்தா சிரிச்சுட்டே தான் பாப்போம். கையெறி குண்டு வெடிச்சா ஆரஞ்சு கலர்ல நெருப்பு பந்து வருது, அது பெட்ரோல். நிஜத்துல ஒரு பளிச், உடனே மண்ணும் சாம்பல் கலர் புகையும், அவ்ளோ தான், நெஞ்சுல ஒரு குத்து விட்ட மாதிரி இருக்கும். சுடற சத்தமும் அப்படித்தான். தோட்டா சத்தத்த விட வேகமா வருது, அதனால முதல்ல காதுகிட்ட சாட்டை அடிச்ச மாதிரி ஒரு சொடக்கு, அப்புறம் தான் தூரத்துல இருந்து தொம்முனு துப்பாக்கி சத்தம். ரெண்டுக்கும் நடுவுல இருக்கற இடைவெளிய வெச்சு எவ்ளோ தூரத்துல இருக்கான்னு கணக்கு போடுவோம். படத்துல எல்லாம் ஒண்ணா கேக்கும். தூரத்துல குண்டு வெடிச்சாலும் அப்படித்தான், ஒரு கிலோமீட்டர்னா வெளிச்சம் வந்து மூணு செகண்ட் கழிச்சு தான் சத்தம் வரணும்.

வன்னிக்காரி:
இதைச் சொல்லேக்க நினைவு வருது. எங்களுக்கு ஷெல் குத்திற சத்தம் தூரத்தில கேக்கும், பிறகு கூவிக்கொண்டு வரும், அந்த இடைவெளிக்குள்ள பங்கருக்குள்ள விழ வேணும். கிபிர் விமானம் எண்டா வேற, அது குண்டு போட்டிட்டுப் போன பிறகுதான் சத்தம். சின்னப் பிள்ளையளுக்கே வித்தியாசம் தெரியும், வாத்தியார் படிப்பிக்கேல்ல. சாப்பர் ஐயா சொன்ன அந்தக் கணக்கை நாங்களும் போட்டனாங்கள், துவக்கு இல்லாமல்.

ஈப்போ_பையன்:
மலேசியால இருந்து. பிளாக் ஹாக் டவுன் பத்தி யாரும் பேசல, நான் ஒரு வயித்தெரிச்சல கொட்டிட்டு போறேன். 1993 அக்டோபர், சோமாலியால மொகாடிஷு, ரெண்டு ஹெலிகாப்டர் விழுந்து அமெரிக்கா பசங்க ராத்திரி பூரா மாட்டிக்கிட்டாங்க, போய் வெளிய கொண்டு வந்த கான்வாய்ல பாகிஸ்தான் டாங்கியும் மலேசியாவோட கோண்டோர் கவச வண்டியும் இருந்துச்சு. எங்க ஆளு மாட் அஸ்னான் அவாங் அதுல செத்துப் போனாரு. படத்துல எங்கள கண்ண சிமிட்டினா காணோம். 2023ல மல்பாட் மிசி பகாரான்னு நாங்களே ஒரு படம் எடுத்துக்கிட்டோம், அதுல நாங்க தான் ஹீரோ, கொஞ்சம் ஓவர் தான் லா 😅 அந்த ஊர் சோமாலிக்காரன் நூத்துக்கணக்குல செத்தான், ரெண்டு படத்துலயும் அவன் சும்மா ஓடி வந்து விழறவன்.

பிளாக் ஹாக் டவுன்ல ஒரு விஷயம் மட்டும் நல்லா இருக்கும், பகல்லயே போயிட்டு சீக்கிரம் வந்துடலாம்னு நைட் விஷன் கண்ணாடிய கேம்ப்லயே விட்டுட்டு போவாங்க. பொழுது சாயும் போது தான் வயித்த கலக்கும்.

தூக்கம்_வராதவன்:
கடைசியா ஒண்ணு, டாக்குமெண்டரிய விட்டுட்டோம். ரெஸ்ட்ரெப்போ 2010, ஆப்கானிஸ்தான் கோரெங்கல் பள்ளத்தாக்குல அமெரிக்க 173வது ஏர்போர்ன் பசங்களோட. செத்துப் போன மெடிக் பேர அந்த போஸ்ட்டுக்கு வெச்சிருப்பாங்க. பாதி நேரம் சும்மா உக்காந்திருப்பாங்க, மல்லுக்கட்டுவாங்க, பாட்டு போட்டு ஆடுவாங்க, அப்புறம் திடீர்னு சுடுவான், யார் சுடறான்னு கேமரா ஒரு தடவ கூட காட்டாது, ஏன்னா கேமராக்காரனுக்கும் தெரியல. அத எடுத்த டிம் ஹெதரிங்டன் அடுத்த வருஷமே லிபியால மிஸ்ராட்டால ஷெல் அடில செத்துட்டாரு.

அப்புறம் 2025ல வந்த 2000 மீட்டர்ஸ் டு ஆந்திரிவ்கா. மிஸ்டிஸ்லாவ் செர்னோவ், மரியுபோல் படத்துக்கு ஆஸ்கார் வாங்கினவர். ரெண்டு பக்கமும் கண்ணிவெடி வயல், நடுவுல கருகிப் போன ஒரு மரக்கோடு, ரெண்டு கிலோமீட்டர், அதுல உக்ரைன் பிளட்டூன் ஒண்ணு ஊர்ந்து போகுது. பாதி ஷாட் சிப்பாய்ங்க ஹெல்மெட்ல மாட்டின கேமரா. மேல ட்ரோன் கொய்ங்குனு சுத்திட்டே இருக்கும், குழிக்குள்ள இருந்தா கூட தேடி வரும். ஒருத்தன் சிகரெட் புடிச்சுட்டு வீட்டப் பத்தி பேசிட்டு இருப்பான், இயக்குநர் குரல் வந்து இவர் அப்புறம் இறந்துட்டாருன்னு சொல்லிடும், பேச்சு பாட்டுக்கு ஓடும். பதுங்கினா தப்பிக்கலாம்ங்கறது தான் இதுவரைக்கும் வந்த எல்லா போர்ப் படத்துக்கும் அடிப்படை. ட்ரோன் வந்த பிறகு அதுவும் போச்சு. ஃபீச்சர் படம் எடுக்கறவன் இத எப்படி சமாளிக்கப் போறான்னு பாக்கணும்.

ஜோஷ்_குமார்:
ட்ரோன்ல வில்லன் உக்காந்து ரிமோட் புடிச்சுட்டு சிரிப்பான் ப்ரோ, நம்ம ஆளுங்க எடுத்தா 😂 சரி, ஆர்.ஓ.பி. பத்தி சாப்பர் ஐயா எழுதினது நல்லா இருந்துச்சு. அத ஒருத்தன் ஒழுங்கா எடுத்தா நான் போய் பாப்பேன்.

மூணாவது_ரோ:
கஜாக்கி எங்க கிடைக்கும்? தமிழ் சப்டைட்டில் இருக்கா?

தூக்கம்_வராதவன்:
தமிழ்ல இல்ல. இங்கிலீஷ் படம் தானேன்னு சப்டைட்டில் இல்லாம உக்காராதீங்க, பாரா பசங்க பேசற இங்கிலீஷ் அந்த ஊர்க்காரனுக்கே பாதி புரியாது. முதல் அரை மணி நேரம் சும்மா கிண்டல் பண்ணிட்டு குளிச்சுட்டு இருப்பாங்க, போர் அடிக்குதேன்னு ஓட்டி விட்டுடாதீங்க, யார் யாருன்னு அங்கயே தெரிஞ்சுக்கணும், அப்புறம் எல்லாம் புழுதி, முகமே அடையாளம் தெரியாது.